அதிகாலை மூன்று மணிக்கு அடித்த தொலைபேசி

அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக எடுக்கப்படும் விளம்பரங்களை நான் தேடிப்பிடித்துப் பார்க்கிறவன். நியூயார்க்கின் மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ் 1952-இலிருந்து வந்தவற்றை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. அதற்குள் போனால் நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு விளம்பரம் வெளியானதும் "பிரமாதம்", "இது எடுபடாது" என்று தீர்ப்புச் சொல்ல ஆலோசகர்கள் தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் ஒரே விளம்பரம், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்குள் முற்றிலும் வேறு வேறாகப் போய் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து "எடுபட்டதா இல்லையா" என்ற கேள்வியே எனக்குப் போதவில்லை. யாருக்குள் எது எடுபட்டது என்று கேட்கத் தோன்றுகிறது.

2008 பிப்ரவரிக் கடைசி. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதில் ஹிலாரி கிளிண்டனுக்கும் பராக் ஒபாமாவுக்கும் இடையே போட்டி கடுமையாக இருந்த நேரம். மார்ச் 4 அன்று டெக்சாஸில் உட்கட்சித் தேர்தல். அக்காவும் அத்தானும் அங்கே வாக்காளர்கள். நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன்.

விளம்பரம் 30 விநாடிதான். இரவு. இருட்டில் ஒரு வீடு. குழந்தைகள் தூங்குகிறார்கள். எங்கோ ஒரு தொலைபேசி விடாமல் அடிக்கிறது. அதிகாலை மூன்று மணி, உங்கள் குழந்தைகள் பத்திரமாகத் தூங்குகிறார்கள், ஆனால் வெள்ளை மாளிகையில் ஒரு தொலைபேசி அடிக்கிறது, உலகத்தில் ஏதோ நடக்கிறது என்று ஓர் ஆண் குரல் சொல்கிறது. அதை யார் எடுப்பார் என்பதை உங்கள் ஓட்டுதான் முடிவு செய்யும்; உலகத் தலைவர்களையும் ராணுவத்தையும் ஏற்கெனவே தெரிந்தவரா, சோதனைகளைத் தாண்டித் தயாராக இருப்பவரா என்று கேட்கிறது. ஒரு தாய் கதவைத் திறந்து பிள்ளைகளை எட்டிப் பார்க்கிறாள். கடைசியில் கண்ணாடி போட்ட ஹிலாரி கிளிண்டன் தொலைபேசியைக் காதில் வைத்திருக்கிறார். ஒபாமாவின் பெயர் எங்கேயும் வரவில்லை. என்ன ஆபத்து என்றும் சொல்லவில்லை.

அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் முடிந்தபோது அவள் கை நின்றிருந்தது. "அந்த அம்மா எட்டிப் பார்த்தா பாருடா, அப்படித்தான் நானும் ராத்திரி எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பேன்" என்றாள். சின்னவனுக்கு இளைப்பு. மூச்சு சீராக வருகிறதா என்று இரவில் காது கொடுத்துக் கேட்டே பழகியவள் அவள். அவள் பேசி முடிப்பதற்குள் அத்தான், "அந்த போன் 2002-லயே அடிச்சாச்சு மாப்பிள்ளை. அப்ப எடுத்து என்ன சொன்னாங்க?" என்றார். இராக் போருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்துக்கு அந்த அக்டோபரில் செனட்டில் கிளிண்டன் ஆதரவாக ஓட்டுப் போட்டதைச் சொல்கிறார். அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மகன் அப்போது இராக்கில் இருந்தான். அக்கா திரும்பி, "எந்த போன்?" என்று கேட்டாள்.

தெரியாத மாதிரி கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். 30 விநாடியும் அடித்துக்கொண்டே இருந்த தொலைபேசி அவள் மனதில் பதியவே இல்லை. அத்தானுக்கோ அந்தத் தாயும் கதவும் பதியவில்லை, "அப்படி ஒரு காட்சி வந்துச்சா?" என்றார். இரண்டு பேரும் கண்ணெடுக்காமல்தான் பார்த்தார்கள். இரண்டு பேரும் தாங்கள் பார்த்ததைச் சரியாகவே பார்த்தார்கள். அவளுக்குள் ஏற்கெனவே ஓர் இரவு இருந்தது, அவருக்குள் ஏற்கெனவே ஒரு போர் இருந்தது. விளம்பரம் போய்த் தொட்டது அதைத்தான்.

அன்று அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். சண்டை என்று சொல்ல முடியாது, ஆனால் குரல் உயர்ந்தது. அத்தான் அந்தத் தீர்மானத்தைப் பற்றி விளக்கினார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, அது தப்புதான். ஆனா பதறாம இருக்கிற ஆள் வேணும்னு நினைக்கிறது தப்பா?" என்றாள். அத்தானால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. விளம்பரம் முடிந்த பிறகு நடந்த அந்தப் பேச்சில்தான் இரண்டு பேருமே கொஞ்சம் நகர்ந்தார்கள். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன்.

ஒபாமா தரப்பு உடனே பதில் விளம்பரம் விட்டது. ஏறக்குறைய அதே தொடக்கம், அதே மூன்று மணி, அதே அழைப்பு. அதை எடுப்பவர் இராக் போரை ஆரம்பத்திலேயே எதிர்த்தவராக இருக்க வேண்டாமா என்பது அதன் கேள்வி. அத்தான் மனதில் இருந்ததையே படமாக எடுத்த மாதிரி. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அக்கா பாதி வரைக்கும் அதை ஹிலாரி விளம்பரம் என்றே நினைத்துப் பார்த்தாள்.

அந்த மார்ச் மாதம் ஹார்வர்டு சமூகவியலாளர் ஆர்லண்டோ பேட்டர்சன் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். இருட்டு, வெளியே உருவமில்லாத ஆபத்து, உள்ளே தூங்கும் குழந்தைகள், அதில் கறுப்பினக் குழந்தை என்று தெளிவாகத் தெரியும்படி யாரும் இல்லை. எதிரே நிற்கும் வேட்பாளரோ கறுப்பினத்தவர். இனம் சார்ந்த ஒரு பயத்தை இந்த விளம்பரம் கிளறுகிறது என்பது அவர் வாதம். கிளிண்டன் தரப்பு மறுத்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை. ஆனால் அந்த நாட்டின் வரலாற்றை உடம்பில் சுமக்கிற ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, அதைக் கற்பனை என்று என்னால் தள்ள முடியாது. தூங்கும் குழந்தைகளின் படம் பழைய காட்சித் தொகுப்பிலிருந்து வாங்கியது. அதில் இருந்த சிறுமி அதற்குள் வாக்களிக்கும் வயதை எட்டும் நிலைக்கு வளர்ந்திருந்தார், அவர் ஒபாமா ஆதரவாளர் என்பது பின்னால் செய்தியாக வந்தது.

அந்தத் தொலைபேசியும் புதிதல்ல. 1984-இல் வால்டர் மாண்டேல் தன் கட்சிக்குள்ளேயே கேரி ஹார்ட்டை எதிர்த்து நின்றபோது, அடிக்கிற ஒரு சிவப்புத் தொலைபேசியைக் காட்டி விளம்பரம் வந்தது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த விளம்பரக்காரர் ராய் ஸ்பென்ஸ். இருபத்து நான்கு ஆண்டு கழித்தும் அதே மணியை அடிக்க முடிந்தது என்றால், அந்தப் பயம் அவ்வளவு காலமும் வாக்காளர்களிடம் அப்படியே இருந்திருக்கிறது.

பெயர் சொல்லாத விளம்பரம்

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டு வேலை செய்தவர் டோனி ஷ்வார்ட்ஸ் என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவுக் கலைஞர். பார்ப்பவருக்குள் புதிதாக எதையும் திணிக்க வேண்டாம், ஏற்கெனவே உள்ளதை அதிரவைத்தால் போதும் என்பது அவர் கொள்கை. டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனத்துடன் சேர்ந்து 1964-இல் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக அவர் செய்த விளம்பரம், அதிபர் தேர்தல் விளம்பரம் என்றாலே இன்றும் எல்லோரும் முதலில் சொல்வது. ஒரு சின்னப் பெண் பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். ஆறும் ஏழும் இடம் மாறுகின்றன, எண்கள் தடுமாறுகின்றன. ஒன்பதுக்கு வந்ததும் ஓர் ஆண் குரல் தலைகீழாக எண்ணத் தொடங்குகிறது. கேமரா அவள் கண்ணுக்குள் போகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. ஜான்சனின் குரல் வருகிறது.

செப்டம்பர் 7 அன்று என்பிசி தொலைக்காட்சியில் காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. மற்றபடி செய்தி நிகழ்ச்சிகளே அதைத் திரும்பப் போட்டுக் காட்டின. எதிர் வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் இல்லை, படமும் இல்லை. ஆனால் குடியரசுக் கட்சி கொதித்தது. பெயரே சொல்லாத விளம்பரத்தில் தங்கள் வேட்பாளர்தான் குறிவைக்கப்படுகிறார் என்று அவர்களுக்கும் உடனே புரிந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு முன்னால்தான் கியூபா ஏவுகணை நெருக்கடி. ஓராண்டுக்கு முன்னால் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு எதிராக செனட்டில் கோல்ட்வாட்டர் ஓட்டுப் போட்டிருந்தார். வாக்காளர் தலைக்குள் இதெல்லாம் இருந்தது. விளம்பரம் பாதியைத்தான் காட்டியது, மீதியை வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிரப்பினார்கள்.

அந்தக் காலத்தை அறியாத ஓர் இளைஞருக்கு இதைப் போட்டுக் காட்டிப் பாருங்கள். பயம் வரும். ஆனால் யாருக்கு ஏன் ஓட்டுப் போடக் கூடாது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் காட்டிய ஒரு கல்லூரி மாணவி, "இது போருக்கு எதிரான விழிப்புணர்வுப் படமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நிரப்ப வேண்டிய பாதி அவரிடம் இல்லை.

எனக்கு இதில் மன உளைச்சல் தருவது ஒன்று உண்டு. சொன்னால்தானே மறுக்க முடியும்? கோல்ட்வாட்டர் அணுகுண்டு போடுவார் என்று ஜான்சன் நேராகச் சொல்லியிருந்தால், ஆதாரம் எங்கே என்று கேட்டிருக்கலாம். சொல்லவில்லை. முடிவுக்கு வந்தது வாக்காளர். தானாக வந்த முடிவை யாரும் லேசில் விடமாட்டார்கள். யாராவது மறுத்தால் தன்னையே மறுப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையான எண்கள், நல்ல காலை

பயத்தை மட்டும்தான் இப்படித் தட்டி எழுப்ப முடியும் என்றில்லை. 1984-இல் ரொனால்ட் ரீகனுக்காக ஹால் ரைனி எழுதித் தன் குரலிலேயே பேசிய விளம்பரம், அமெரிக்காவில் மீண்டும் விடிந்திருக்கிறது என்று தொடங்கும். அதை நான் பார்க்கும் போதெல்லாம் மனம் இளகுகிறது, இப்போதும் இளகுகிறது. படகு, வேலைக்குப் போகிறவர்கள், புது வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள், ஒரு கல்யாணம், கொடி. ரீகன் கடைசியில் ஒரு படமாக வந்துபோவதோடு சரி.

அதில் நிறைய எண்கள் வரும். நாட்டின் வரலாற்றிலேயே இல்லாத அளவுக்கு அதிகம் பேர் இன்று வேலைக்குப் போவார்கள். கிட்டத்தட்ட 2,000 குடும்பங்கள் இன்று வீடு வாங்கும். இன்று பிற்பகல் 6,500 இளைஞர்களுக்குக் கல்யாணம். கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். மக்கள்தொகை கூடிக்கொண்டே போகும் நாட்டில், பொருளாதாரம் படுத்துவிடாத எந்த ஆண்டிலும் முதல் வாக்கியம் உண்மையாகவே இருக்கும். ரீகன் பதவியேற்ற 1981 ஜனவரியில் வேலையின்மை 7.5 சதவீதம், இந்த விளம்பரம் ஓடிய 1984 இலையுதிர் காலத்திலும் ஏழுக்கு மேல்தான். நடுவில் பத்தைத் தாண்டிவிட்டு இறங்கி வந்திருந்தது. கல்யாணங்களோ எந்த அதிபர் இருந்தாலும் நடக்கும். பணவீக்கமும் வட்டியும் குறைந்தது நிஜம், அது பெரிய விஷயமும்கூட. ஆனால் கேட்கிறவர் காதில் எல்லா எண்களும் ஒரே மெட்டில் விழுகின்றன. எது ஆட்சியின் பலன், எது வெறும் நாட்காட்டி என்று பிரித்துப் பார்க்க அந்தக் குரல் இடம் கொடுப்பதில்லை.

ரீகனை எதிர்த்து நின்ற மாண்டேல் அந்தத் தேர்தலில் மினசோட்டா மாநிலத்தையும் தலைநகரையும் மட்டுமே வென்றார். விளம்பரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு வளர்ச்சி வேகமாக இருந்தது, மக்கள் கையில் காசு புழங்கியது. வாழ்க்கை கொஞ்சம் நிமிர்ந்ததாக உணர்ந்தவருக்கு அந்த விளம்பரம் அவர் உணர்வையே எடுத்துச் சொன்னது. அதே ஆண்டு ஆலை மூடி வேலை இழந்தவர் அதே கொடியையும் அதே கல்யாணத்தையும் பார்த்து என்ன நினைத்திருப்பார்? தான் இல்லாத ஒரு நாட்டைக் காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அந்த வாக்காளரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

முகம்

வேட்பாளரே திரையில் வந்துவிட்டால் கதை வேறு. 1952-இல் வேட்பாளராக நின்ற இரண்டாம் உலகப் போர்த் தளபதி ஐசனோவர் ஒரே நாளில் 40 குறும்படங்களுக்கான பதில்களைப் பேசி முடித்தார். கேள்வி கேட்டவர்களைப் பின்னால் தனியாகப் படம்பிடித்து ஒட்டினார்கள். பார்ப்பவருக்கு அவர் எதிரே நிற்பவரிடம் பேசுவது போலத் தெரியும், ஆனால் எதிரே யாரும் இல்லை. எழுதிக் காட்டியதைப் படிக்கும் ஒரு விறைப்பு அவர் கண்ணில் இருக்கிறது. அந்த விறைப்பே அவருக்குச் சாதகமாகப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்த் தளபதியிடம் யாரும் நடிப்பை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1988-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸுக்கு நேர்மாறாக ஆனது. மிச்சிகனில் டாங்கி தயாரிக்கும் ஜெனரல் டைனமிக்ஸ் வளாகத்தில் பெரிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு டாங்கியில் சுற்றிவந்தார், சிரித்தபடி கையைக் காட்டினார். ஏற்பாடு செய்தது அவர் தரப்பே. எதிர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் குழு அந்தக் காட்சியையே எடுத்து, அவர் எதிர்த்ததாகச் சொன்ன ஆயுதத் திட்டங்களின் பட்டியலை மேலே ஓடவிட்டது. பட்டியலில் சில சரியில்லை என்று பத்திரிகைகள் எழுதின. யாருக்கும் பட்டியல் நினைவில்லை, ஹெல்மெட்தான் நினைவிருக்கிறது. பிறகு டுகாகிஸ் ஒரு பதில் விளம்பரத்தில், அந்த டாங்கி விளம்பரம் ஓடும் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டு, போதும் போதும் என்றாகிவிட்டது என்று கோபப்பட்டார். கோபம் நியாயமானது. ஆனால் அதைச் சொல்வதற்காகத் தன் காசிலேயே டாங்கியை இன்னொரு முறை வீடுவீடாகக் காட்ட வேண்டியிருந்தது. ஒபாமாவின் பதிலை அக்கா ஹிலாரி விளம்பரமாகப் பார்த்தது எனக்கு இங்கேதான் விளங்கியது. பார்ப்பவர் படத்தைப் பிடித்துக்கொள்கிறார், வாதம் நழுவிவிடுகிறது.

அவ்வளவு காசு எதற்கு?

இவ்வளவு சொன்ன பிறகு, விளம்பரம் வாக்காளரை மாற்றிவிடுகிறது என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது சரியல்ல. 2016 தேர்தலின் 49 விளம்பரங்களை வைத்து, சுமார் 34,000 பேரிடம் 59 சோதனைகள் நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அலெக்சாண்டர் காப்பாக், சேத் ஹில், லின் வாவ்ரெக் எழுதியது. விளம்பரத்தின் பலன் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. திட்டும் விளம்பரம், புகழும் விளம்பரம் என்று பார்த்தாலும், தன் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் என்று பார்த்தாலும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2020 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்ற பெரும்பணக்காரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் விளம்பரத்துக்கு மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். வென்றது அமெரிக்கன் சமோவா தீவுகளை மட்டும். பல மாநிலங்களில் நடந்த மார்ச் 3 உட்கட்சி வாக்கெடுப்புக்கு மறுநாளே விலகினார்.

அக்கா டெக்சாஸில் ஹிலாரிக்குத்தான் ஓட்டுப் போட்டாள். அந்தத் தொலைபேசி விளம்பரம் இல்லாவிட்டாலும் போட்டிருப்பாள். ஹிலாரி அங்கே பாதிக்குச் சற்று மேலான ஓட்டில் ஜெயித்தார், விளம்பரத்துக்கு நிறையப் பேர் பாராட்டுப் பத்திரம் எழுதினார்கள். ஆனால் அங்கே வாக்கெடுப்போடு கட்சிக் கூட்டமும் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் அதிகம் பேர் ஒபாமாவுக்குப் போனார்கள். ஒரு விளம்பரம் வென்றது என்று சொல்வது எவ்வளவு அவசரமான பேச்சு என்பதற்கு இதுவே போதும். விளம்பரம் செய்வது வேறொன்று. எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதை அது மாற்றிவிடுகிறது. அந்த வாரம் முழுக்க டெக்சாஸில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, யார் தொலைபேசி எடுப்பார் என்பதே பேச்சாக இருந்தது.

ஒரே விளம்பரத்தைப் பார்க்க முடியாத காலம்

2002-இல் கொண்டுவந்த சட்டப்படி, தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களில் வேட்பாளர் தன் குரலில், இதை நான் அங்கீகரிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அமெரிக்க வாக்காளர்களுக்கு அது மனப்பாடம். மோசமான விளம்பரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்பது நோக்கம். வேட்பாளரின் விளம்பரத்தை ஒளிபரப்பு நிலையம் தணிக்கை செய்யக் கூடாது என்ற பழைய விதியும் உண்டு. பொய் இருந்தாலும் நிலையம் கைவைக்க முடியாது. அதனால் அதை எடைபோடும் வேலை முழுக்கப் பார்ப்பவர் தலையில் விழுகிறது. அதற்குக் குறைந்தபட்சம் பக்கத்தில் இன்னொருவர் அதையே பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அது நடப்பதில்லை. கடந்த தேர்தலின்போது அத்தான் ஒரு விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதற்கு அக்கா, "அப்படி ஒண்ணு எனக்கு வரவே இல்லையே" என்றாள். அவள் கைப்பேசிக்கு வருவதெல்லாம் மருந்து விலை, பள்ளிக்கூடம். அவருக்கு வருவதெல்லாம் வரி, போர். ஒரே வேட்பாளர் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரிடம் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிறார். யார் மனதில் எது இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், ஷ்வார்ட்ஸ் செய்தது போல எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாதியை விட்டுவைக்கத் தேவையில்லை. அத்தான் "அந்த போன் அடிச்சாச்சு" என்று சொல்லவும் அக்கா "எந்த போன்?" என்று கேட்கவும் வாய்ப்பே இல்லை. எனக்கு இது உண்மையாகவே கவலை தருகிறது. விளம்பரம் பொய் சொல்வதைவிட, அதை யாரும் யாரோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போவது பெரிய இழப்பு.

ஃபேஸ்புக்கும் கூகுளும் 2018-இல் அரசியல் விளம்பரக் காப்பகங்களைத் திறந்தன. வேட்பாளர் பெயரைத் தட்டினால் அவர் யார் யாருக்கு எதைக் காட்டினார், எந்த மாநிலத்தில், எந்த வயதினருக்கு, தோராயமாக எவ்வளவு செலவில் என்று பார்க்கலாம். நான் அக்காவுக்கும் அத்தானுக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அக்கா தனக்கு வராத விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள், சிலவற்றை அத்தானிடம் நீட்டிக் கேள்வி கேட்டாள். சமூக ஊடகப் பிரபலங்களுக்குக் காசு கொடுத்துப் பேசவைக்கும் வீடியோக்கள் அங்கே பெரும்பாலும் அகப்படுவதில்லை, கைப்பேசிக்கு நேராக வரும் குறுஞ்செய்தி வீடியோக்களும் இல்லை. அவையும் அங்கே வர வேண்டும் என்று சட்டம் கேட்க வேண்டும், வாக்காளர்களும் கேட்க வேண்டும்.